ஐப்பசிப் பௌர்ணமியும் அப்பாவின் நிபந்தனையும்

பெரம்பலூரும் அரியலூரும் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்த மாவட்டங்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001 தொடக்கத்தில் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்துகொண்டது. 2007 நவம்பரில் மீண்டும் தனிக்குடித்தனம். எங்கள் வீட்டில் அப்பா பெரம்பலூர்க்காரர், அம்மா அரியலூர்க்காரர். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும் நாட்களில் எங்கள் மகள், "மாவட்டம் பிரிஞ்சாச்சு" என்று வீடு முழுக்க அறிவித்துவிடுவாள்.

பிரிவினைக்கு ஆதி காரணம் மண்தான் என்று எங்களுக்குத் தோன்றும். அப்பாவின் ஊர் வாலிகண்டபுரத்துக்கு மேற்கே, வானம் பார்த்த கரிசல் காடு. சோளம், வரகு, கம்பு, மழை தப்பினால் ஒன்றுமில்லை. அம்மாவின் ஊர் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. வாய்க்காலும் நெல்லும் வாழையுமாக இருக்கும். இரண்டுக்கும் இடையே எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் 1978இல் அம்மா மணமாகி அப்பாவின் ஊருக்குப் போனபோது, மூன்றாம் நாள் இரவு தட்டில் விழுந்த சோளச்சோற்றைப் பார்த்து அழுதுவிட்டாராம். எங்க ஊரில் இதை மாட்டுக்குத்தான் வைப்போம் என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் நாற்பத்தாறு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் வாழ்கிறது. எந்தச் சண்டையிலும் கடைசியில் அது எடுத்து வீசப்படும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை நிறைவேறாமல் இருந்தது. ஐப்பசிப் பௌர்ணமி அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடக்கும் அன்னாபிஷேகத்தைப் பார்க்க வேண்டும். பதின்மூன்றரை அடி உயர லிங்கம், அதன் ஆவுடையாரின் சுற்றளவு அறுபது அடி. அதை முழுவதும் சோற்றால் மூடுகிறார்கள். ஐப்பசி அன்னாபிஷேகம் சிவன் கோயில்களில் பொதுவான வழக்கம்தான் என்றாலும் இந்த அளவில் வேறெங்கும் இல்லை. காஞ்சி சங்கர மடத்தின் முயற்சியில் 1980களின் நடுவில் இங்கே தொடங்கிய விழா, ஆண்டுக்கு ஆண்டு பெருகி, இன்று நூறு மூட்டை, அதாவது இரண்டரை டன் அளவு பச்சரிசி கேட்கிறது.

அப்பா மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் நாத்திகர் அல்லர். வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிடாமல் அந்தச் சாலையைக் கடக்கமாட்டார். ஆனால் சோற்றைக் கல்லின் மேல் கொட்டுவது என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். 1960களின் நடுவில் மழை பொய்த்த ஓர் ஆண்டில், வீட்டில் மிஞ்சிய வரகில் கஞ்சி காய்ச்சி, அவருடைய அக்கா தம்பிக்கு ஊற்றிவிட்டுத் தன் பங்குக்குத் தண்ணீர் குடித்துப் படுத்ததை அவர் பார்த்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அத்தை சொல்லித்தான் தெரியும், அதுவும் சிரித்துக்கொண்டே.

2024இல் நிலைமை மாறியது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு டிசம்பரில் நாள் குறித்தாயிற்று. "அதுக்கப்புறம் வரிசையில நிக்க முடியுமோ என்னவோ, ஏங்க" என்று அம்மா ஒரு முறை சொன்னார், ஒரே முறைதான். இரண்டு நாள் கழித்து அப்பா நிபந்தனையோடு வந்தார். "மொதல்ல ரஞ்சன்குடிக் கோட்டை. அப்புறம் உன் சோத்துக் கோயிலு." நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பள்ளிக்கு மட்டம். திருச்சியிலிருந்து இருட்டோடு கிளம்பினோம்.

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், உள்ளே போனவர்கள் குறைவு. பெரம்பலூரைத் தாண்டிப் பதினேழு கிலோமீட்டர். பேருந்தின் சன்னலில் ஒரு கருங்குன்றும் அதைச் சுற்றி மதிலும் வந்து, கண் நிலைப்பதற்குள் போய்விடும். 17ஆம் நூற்றாண்டில், ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகிர்தார் கட்டியது என்பர். செஞ்சியின் பிரம்மாண்டம் இதற்கு இல்லை. எங்களுக்கு அதுவே பிடித்திருந்தது. அரை வட்டக் கொத்தளங்கள், அகழி, மூன்று தளங்களாக ஏறும் மதில்கள், உள்ளே ஒரு மசூதி, கூரையிழந்த குடியிருப்புகள். ஒரு மனிதன் ஒரு காலை நேரத்தில் முழுவதுமாகச் சுற்றிவந்து, யார் எங்கே நின்று எதைப் பார்த்திருப்பார்கள் என்று யூகித்துவிடக்கூடிய அளவு.

அம்மா கீழ்வாசலிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். ஆடு மேய்க்க வந்த பெண்ணொருத்தி அவருக்குத் துணையானாள். நாங்கள் மேலே ஏறினோம். எழுபத்து மூன்று வயதில் அப்பா எங்களைவிட வேகமாக ஏறினார். சிறுவயதில் இந்தப் பாறைகளில் அவரும் ஆடு மேய்த்தவர்.

இந்தக் கோட்டைக்கு வரலாற்றில் ஒரு நாள் உண்டு. 1751 ஜூலை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிப்பின் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலியின் பின்னால் ஆங்கிலேயர்கள். திருச்சியை நோக்கிச் சந்தா சாகிப்பின் படை வருகிறது. வழியை மறித்து நிற்கிறது இந்தக் கோட்டை. ஆங்கிலேய ஆவணங்களில் இது 'வால்கொண்டா'. வாலிகண்டபுரம் அவர்கள் நாவில் அப்படித் தேய்ந்தது. கோட்டைத் தலைவர் இரு தரப்புக்கும் நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டே யாருக்கும் கதவைத் திறக்காமல் இரண்டு வாரம் ஓட்டினார். பொறுமையிழந்த ஆங்கிலேயப் படை கோட்டைக்குக் கீழிருந்த பேட்டையைத் தாக்கித் தீ வைத்தது. கல்மதிலை மட்டும் அசைக்க முடியவில்லை. தலைவர் உடனே எதிர்த்தரப்புக்கு ஆளனுப்பினார். சண்டை மூண்டதும் வெள்ளைச் சிப்பாய்கள் பீதியடைந்து ஓடினார்கள். ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி வரைக்கும் பின்வாங்கல். ராபர்ட் ஓர்ம் இதைத் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் படையில் இருபத்தைந்து வயது ராபர்ட் கிளைவும் இருந்தார். படை நடத்த அல்ல, படைக்கு உணவும் சரக்கும் சேகரித்துக் கொடுக்கும் அதிகாரியாக. ஆர்க்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கியது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான்.

இதையெல்லாம் மேல்தளத்தில் நின்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா காதில் வாங்கியபடி ஒவ்வோர் இடிபாட்டுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா தேடுறீங்க?"

"தானியம் எங்க வச்சிருந்தானுங்கன்னு பாக்கறேன்."

கோட்டைகளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். கொத்தளத்தின் கோணம், பீரங்கியின் எட்டு தூரம், அகழியின் அகலம். அப்பா கேட்டதுதான் முற்றுகையில் உள்ளேயிருக்கும் ஒவ்வொருவரும் கேட்டிருக்கும் கேள்வி. எத்தனை நாளைக்கு இருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாரம் இரு பக்கமும் பேரம் பேச முடிந்தது என்றால் உள்ளே குதிர்கள் நிறைந்திருந்தன என்று பொருள். நெருப்பு வைக்கப்பட்ட பேட்டையிலும் வீட்டுக்கு வீடு தொம்பைகள் இருந்திருக்கும். அவற்றிலிருந்த சோளமும் வரகும் எரிந்ததைப் பற்றி ஓர்ம் எழுதவில்லை. அது ஜூலை மாதம். மானாவாரிக் காட்டில் ஆடியில் விதைத்தால் அடுத்த தானியம் வீட்டுக்கு வர மார்கழி, தை ஆகும்.

அப்பா கடைசிவரை களஞ்சியம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓர் அறையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஈரம் ஏறும், இங்க வச்சிருக்க மாட்டான்" என்று விலக்கினார்.

கீழே அம்மாவும் அந்தப் பெண்ணும் நெருங்கிய சிநேகிதிகளாகியிருந்தார்கள். அங்கேயே சாப்பாட்டைப் பிரித்தோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை. மருத்துவர் அரிசியைக் குறைத்து வரகும் தினையும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். எனவே கொள்ளிடக் கரைக்காரர் டிபன் பாக்ஸில் வரகுச்சோறும், கரிசல்காட்டுக்காரர் டிபன் பாக்ஸில் வெள்ளை வெளேரென்று தயிர்ச்சோறும் இருந்தன. "பொன்னியரிசிய விட இது வெலை ஜாஸ்தி, தெரியுமா?" என்று அப்பா அம்மாவின் டப்பாவைக் காட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னார். அம்மா, "நாப்பத்தாறு வருஷமா சொல்லிக்காட்டினது போதாதா?" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை.

பெரம்பலூர் திரும்பி அரியலூர் சாலையைப் பிடித்தோம். இரு பக்கமும் மக்காச்சோளம், இடையிடையே பருத்தி. அப்பாவின் தலைமுறை தின்ற சோளமும் வரகும் போன இடத்தில் இப்போது மக்காச்சோளம்தான். மனிதர்களுக்கு அல்ல, பெரும்பகுதி நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம். வரகு விளைந்த ஊரில் வரகு விளையாததால்தான் அதற்கு இன்று அந்த விலை. அரிசி இந்த ஊர்களுக்கு ஆற்றின் வழியாக வரவில்லை, அரசாங்கத்தின் வழியாக வந்தது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவில்தான் அப்பா பள்ளிக்கூடத்தையே பிடித்துக்கொண்டார். 1967 தேர்தலில் அரிசி விலை ஓர் ஆட்சியையே மாற்றியது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011இல் இலவசமாயிற்று. சோளச்சோறு ஏழ்மையின் அடையாளமாகித் தட்டிலிருந்து மறைந்தது. இதைக் குறையாகச் சொல்கிற கட்டுரைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். அவற்றை எழுதுகிறவர்கள் பசியோடு வரகை உரலில் குத்தியிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் அனுமானம். வரகின் உமி அத்தனை லேசில் விடாது. அத்தையின் உள்ளங்கைகள் இன்றும் அதற்குச் சாட்சி.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். அதன் நத்தைகளும் சிப்பிகளும் இன்று சிமெண்டாகிக்கொண்டிருக்கின்றன. ஜெயங்கொண்டம் தாண்டியதும் முந்திரித் தோப்புகள். அப்புறம் ஒரு திருப்பத்தில், மரங்களுக்கு மேலே, விமானம்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. முதலாம் இராசேந்திரனின் தலைநகரம், அவனுக்குப் பின்னும் சுமார் 250 ஆண்டு சோழர் தலைநகரம், தஞ்சையின் ஆண்மைக்கு இது பெண்மை என்பது போன்ற வாக்கியங்கள். (அந்த உவமையை யாராவது தடை செய்தால் நல்லது.) நிமிர்ந்து நேராக ஏறாமல் உட்புறம் வளைந்து ஏறும் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எங்களுக்கு ஒப்பீடு தேவைப்படவில்லை. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இப்போது மிச்சம் செங்கல் அடித்தளங்கள்தாம். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்லப்படும் சோழகங்கம் ஏரி மட்டும் பொன்னேரி என்ற பெயரில் கிடக்கிறது. அத்தனை பெரிய நகரத்தில் நின்றது கோயில் ஒன்றே. அதுவும் முழுதாக இல்லை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, இந்தக் கோயிலின் கோபுரத்தையும் மதிலையும் உடைத்துக் கற்களை எடுத்துப் போனார்கள்.

இடிந்த கோபுர வாசலில் நின்று இதை மகளுக்குச் சொன்னோம். எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்து. அப்பா கேட்டார்: "அந்த அணையில இருந்து தண்ணி எங்க போவுது?"

"வடவாறு, வீராணம் ஏரி. காட்டுமன்னார்கோயில் பக்கமெல்லாம் பாசனம்."

"நெல்லா?"

"நெல்லுதான்."

"அப்ப என்ன? கல்லு சோறாயிட்டு வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்களால் அவ்வளவு எளிதாக நடந்துவிட முடியவில்லை. எண்ணூறு ஆண்டு நின்ற கோபுரத்தை உடைக்காமல் அணை கட்டியிருக்கக் கூடாதா, பாறைக்கா இந்த நாட்டில் பஞ்சம் என்ற கேள்வி இப்போதும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் குரல் சாப்பிட்ட வயிற்றிலிருந்து வருகிறது என்பதை அன்றிலிருந்து மறக்கமுடியவில்லை.

வளாகத்தில் காலையிலிருந்தே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. புகையும் வெந்த பச்சரிசியின் மணமும். அந்த மணத்தில் பசியில்லாதவருக்கும் பசிக்கும். சோறு கூடை கூடையாகக் கை மாறிக் கருவறைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் வேர்வையில் குளித்திருந்தார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அம்மா ஒரு கையால் மகளையும் மறுகையால் மகாமண்டபத்துத் தூண்களையும் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். உட்காரலாம் என்று இரண்டு முறை சொன்னோம், காதில் விழாதது போலிருந்தார்.

கருவறை வாசல் வந்தபோது லிங்கம் தெரியவில்லை. வெள்ளையான ஒரு குன்று இருந்தது. ஆவுடையார் மறைந்து, பாணம் மறைந்து, உச்சி வரை சோறு. அதன் மேல் காய்களும் கனிகளும் பலகாரங்களும் பூக்களும். விளக்கொளியில் மெல்லிய ஆவி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பது நம்பிக்கை. ஆகவே அன்றைக்குக் கோடி லிங்க தரிசனம் என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கை கூப்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். அறுவடை முடிந்த களத்தில் நெல் குவித்திருப்பதைப் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண்ணின் பார்வை அது என்று எங்களுக்குப் பட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் குன்றைப் பார்க்கவில்லை. கூடைகள் வைத்திருந்த இடத்தில் தரையில் சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, நடைபாதையில் கிடந்ததை மட்டும் ஒதுக்கிச் சேர்த்து, யார் காலிலும் படாமல் சுவரோரம் வைத்தார்.

வெளியே வந்ததும் தன்னார்வத் தொண்டர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சோறும் என்ன ஆகும்? இரவு தீபாராதனைக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம், பாணத்தின் மேலிருக்கும் சோறு மட்டும் நீர்நிலையில் மீன்களுக்குப் போகும் என்றார் அவர். மிச்சம்? மிச்சம் இருக்காது ஐயா, கூட்டத்தைப் பாருங்கள். அப்பா கூட்டத்தைப் பார்த்தார். புல்வெளி நிறையக் குடும்பங்கள். ஊர் ஊராக வேன் பிடித்து வந்தவர்கள், தூக்குவாளியோடு வந்தவர்கள், தூங்கும் குழந்தைகள். விமானத்தின் தோளுக்கு மேல் நிலா வந்திருந்தது. நவாபின் கோட்டையில் அவர் தேடிய கேள்விக்கு இங்கே பதில் கிடைத்ததா என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மதிலுக்கு உள்ளே சேமித்து வைத்த சோறு, மதிலே இல்லாத வாசலில் எல்லோருக்கும் இறைக்கிற சோறு என்று எங்களுக்குள் ஏதோ ஓடியது. பல ஏழை வீடுகள் கொடுத்த அரிசியும் அந்தக் குவியலில் இருக்கும் என்பதும் ஓடியது. விரயம் என்ற சொல்லை நாங்கள் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. கற்பூரமும் நெய்யும் தண்ணீருக்குப் போகும் சோறும் கண்ணில் படத்தான் செய்தன.

வெகுநேரம் கழித்துத்தான் பிரசாதம் கைக்கு வந்தது. அம்மா ஒரு பிடி எடுத்துக்கொண்டார், மருத்துவர் அனுமதித்ததைவிடக் கொஞ்சம் பெரிய பிடி. அப்பா நின்றபடியே தன் பங்கு முழுவதையும் உண்டார். பிறகு மறுபடி வரிசையில் போய் நின்று ஓர் இலைப் பொட்டலம் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

அங்கிருந்து திருச்சிக்கு அரியலூர், கல்லக்குடி, லால்குடி என்று போவது வசதி. அப்பா, "பெரம்பலூர் வழியா விடு" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நள்ளிரவை நெருங்கும்போது மகன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த அத்தையை எழுப்பினோம். எண்பது தாண்டியவர், பல் இல்லை, கண்ணும் மங்கல். தம்பியின் குரலில்தான் ஆளைத் தெரிந்துகொண்டார். அப்பா துண்டை அவிழ்த்து இலையைப் பிரித்து அவர் முன்னே வைத்தார்.

"என்னடா இது?"

"சோறுக்கா. சோழபுரத்துக் கோயில் சோறு. தின்னு."

அத்தை விரல்களால் பிசைந்து, ஒரு வாய் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"நெல்லுச்சோறு நல்லாத்தான் இருக்கு. உப்புதான் இல்ல."

அப்பா எழுந்து, விளக்கைப் போடாமலே, உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனார்.